மூன்றேகால் மணி ஊசி

இரண்டு மணிக்கு நர்ஸ் வந்து கக்கத்தில் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள், நான் கையை இறுக்கவில்லை. முழங்கையை அரை அங்குலம் தூக்கியே வைத்திருந்தேன், நைட்டிக்குள் நடப்பது யாருக்குத் தெரியப்போகிறது. திரும்பி வந்து உருவிப் பார்த்தாள், "தொண்ணூத்தொம்போது, பரவால்லக்கா" என்று அட்டையில் எழுதிக்கொண்டு போய்விட்டாள். இவ்வளவுதான் இவர்கள் வேலை பார்க்கிற லட்சணம். எனக்குக் கீழே வேலை செய்கிற பெண் ஒருத்தி பீஸை உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் சரி என்று தள்ளியிருந்தால் டீ இடைவேளைக்கு முன்னாலேயே வாசலைக் காட்டியிருப்பேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷமாகச் செக்கிங் பார்க்கிறவள் நான், கடைசி நாலு வருஷமாகச் சூப்பர்வைசர். தையல் விட்டது, எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, எது இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகத் தள்ளிவிடுவோம். அந்தப் பழக்கம் ஆட்களிடமும் வந்துவிட்டது, எவரைப் பார்த்தாலும் எங்கே ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றுதான் கண் முதலில் போகும். இந்த வார்டில் மட்டும் நேற்றிலிருந்து ஒரு ரோல் தீர்ந்திருக்கும். சுவரில் பெயிண்ட் உரிந்த இடத்தை மறைக்க ஒரு குழந்தைப் படம், நம் ஊரில் எவருக்கும் பிறக்காத நீலக்கண் குழந்தை. பக்கத்துக் கட்டில்காரி யாரிடமோ போனில் தன் சுகர் அளவைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். படத்துக்கு மேலே கடிகாரம், இரண்டு பத்து. மூன்றேகாலுக்கு இரண்டாவது ஊசி. நேற்று மூன்றேகாலுக்கு முதல் ஊசி போட்டார்கள், சரியாக இருபத்துநாலு மணி நேரம் கழித்து அடுத்தது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஏழாம் மாதத்திலேயே பனிக்குடம் உடைந்துபோனவளுக்கு, உள்ளே இருக்கிற பிள்ளையின் நுரையீரல் விரிவதற்காக, அம்மாவின் இடுப்பில் போடுகிற ஊசி. இரண்டும் விழுந்து அதற்கு மேல் ஒரு நாள் கடந்தால் வெளியே வந்து மூச்சுவிடப் பிள்ளைக்கு ஒரு தெம்பு வந்துவிடும். அந்த ஒரு நாளுக்காகத்தான் கையை இறுக்கவில்லை. காய்ச்சல் என்று தெரிந்தால் உடனே வயிற்றைத் திறந்து எடுத்துவிடுவார்கள். இறுக்கியிருந்தால் எவ்வளவு காட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை, மின்விசிறிக் காற்று மட்டும் கொஞ்சம் அதிகமாகக் குளிர்கிறது.

கால்மாட்டில் பிளாஸ்டிக் ஸ்டூலில் என் மாமியார் ருக்குமணி உட்கார்ந்திருக்கிறாள். நேரில் அத்தை என்று கூப்பிட்டு வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிறவள்தான் நானும், மனசுக்குள் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. அவள் மடியில் சுருக்குப்பை, பைக்குள் இன்றைய காலண்டர் தாள். வீட்டுச் சுவரில் தொங்குகிற காலண்டரில் இருந்து தினமும் ஒரு தாளைக் கிழித்து மடித்து எடுத்து வருகிறாள், கோர்ட் சம்மன் மாதிரி. செவ்வாய்க்கிழமை, ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை. காலையில் முதல் வேலையாக நர்ஸை மடக்கினாள். "சிஸ்டர், அந்த ஊசிய மூணுக்குள்ள போட்டுட்டீங்கன்னா நெம்பப் புண்ணியமாப் போகுமுங்க." நர்ஸ் இருபத்துநாலு மணி நேரம் ஆக வேண்டும் என்றாள். "அப்பன்னா நாலரைக்கு மேல போடுங்க, இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்ன கெட்டுப்போச்சாம். ஊசியைப் போடுகிறவளுக்கு ராகு தெரியாது, ஊசி போட்டுக்கொள்கிறவளுக்கு ராகு தெரியாது, உள்ளே இருக்கிறதுக்குப் பேரே இன்னும் வைக்கவில்லை, இவளுக்கு மட்டும் ராகு நேரில் வந்து நேரம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இதுகூடப் பரவாயில்லை. எட்டாம் மாதம் என்று ஒன்று வைத்திருக்கிறாள் பாருங்கள், அதுதான் பெரிய வேடிக்கை. நேற்று டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டே சொன்னாள்: "வர்ற வியாழக்கிழமை எட்டு பொறக்குதுங்க. ஏழுல பொறந்தது பொழைச்சுக்கும், எட்டுல பொறந்தா தங்காதுங்க. நாளைக்கு, மிஞ்சிப்போனா நாளானன்னைக்கு விடியறதுக்குள்ள எடுத்துருங்கம்மா." டாக்டர் நளாயினி நல்ல பொறுமைசாலி. "ஒவ்வொரு நாளும் உள்ள இருக்கறது குழந்தைக்கு நல்லதும்மா. வயித்துக்குள்ள காலண்டர் தொங்கல" என்றார். இவள் தலையை ஆட்டினாள். டாக்டர் அந்தப் பக்கம் போனதும் என் காதில் குனிந்து, "அவங்க படிச்சவங்க, அப்படித்தான் சொல்லுவாங்க கண்ணு. என்ற சின்னம்மா மகளுக்கு எட்டுல பொறந்து மூணாம் நாளே போயிருச்சு" என்றாள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பிள்ளை. எப்படிப் பிறந்தது, என்ன நோய், ஆஸ்பத்திரிக்குப் போனார்களா, ஒன்றும் தெரியாது, அந்த ஒன்றை வைத்துக்கொண்டு உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தீர்ப்பு எழுதிவிட்டாள். ஒரு நாள் கூடுதலாக உள்ளே இருந்த பிள்ளை ஒரு நாள் குறைந்த பிள்ளையைவிட எப்படிச் சோடையாகும் என்று ஒரு தரம் கேட்டுப் பார்த்தேன். "அது அப்படித்தான்" என்றாள். இந்த 'அது அப்படித்தான்' இருக்கிறதே, இதற்கு எந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது? முழுத் துணியும் கறை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ முனகுகிறாள், மாரியாத்தாளா ராகுவா தெரியவில்லை. கடிகாரம் இரண்டு இருபத்தைந்து.

அம்மாவுக்கு இப்படி ஒரு அறிவு என்றால் மகனுக்கு வேறு ஒரு அறிவு. என் புருஷன் மோகனசுந்தரம் நாலு வருஷமாக ஜிம்முக்குப் போகிறான், மூன்று வருஷமாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு திரிகிறான், தூக்கத்தில்கூட தோளை விறைத்துக்கொண்டுதான் படுப்பான். நேற்றுக் காலை பத்து மணிக்கு டாக்டர் ஸ்டீராய்டு ஊசி என்று சொன்னதும் முகம் வெளுத்துப்போய்விட்டது. "ஸ்டீராய்டுங்களா? வேண்டாமுங்க மேடம். எங்க ஜிம்முல ஒருத்தன் போட்டு கிட்னி போயிருச்சுங்க." அது வேறு இது வேறு, இது இரண்டே ஊசி, பிள்ளையின் நுரையீரலுக்கு என்று டாக்டர் சொல்ல, இவன், "கொழந்தைக்கு ஒடம்பு ஊதிராதுங்களா?" என்று கேட்டான். உள்ளே இருக்கிறது ஒன்றரைக் கிலோகூட இல்லை, அது ஊதி மேடையில் நின்று புஜம் காட்டும் என்று பயம். யோசித்துச் சொல்கிறேன் என்று தாழ்வாரத்துக்குப் போய் ஜிம் மாஸ்டருக்கு ஒரு போன், ஈரோட்டில் மாட்டாஸ்பத்திரியில் இருந்து ரிட்டயர் ஆன மாமாவுக்கு ஒரு போன், அந்த மாமா மாட்டுக்குப் போட்டால் கன்று சீக்கிரம் விழுந்துவிடும் என்றாராம், அப்புறம் அந்தத் துக்கத்தில் ஒரு டீ. ஐந்து மணி நேரம். பத்துக்குச் சொன்ன ஊசிக்கு மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டான். நான் கட்டிலில் படுத்தபடி, "அப்ப நானே போடறேன் கையெழுத்த, இங்க குடுங்க" என்று கத்திய பிறகுதான் போட்டான். அந்த ஐந்து மணி நேரத்தையும் நான் மறக்கமாட்டேன், பிள்ளை பெரிதான பிறகும் சொல்லிக்காட்டுவேன், உங்கப்பன் உனக்கு மூச்சு வேண்டுமா வேண்டாமா என்று மாட்டு ஆஸ்பத்திரிக்காரரிடம் கேட்டவன் என்று. பிள்ளை பெரிதான பிறகு. ஐந்து மணி நேரம் தாமதம் என்று இவனைச் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியில் இருந்து திங்கட்கிழமை காலை ஏழு மணி வரைக்கும் எத்தனை மணி நேரம்? வேண்டாம், அதைக் கூட்ட வேண்டாம். சுவரில் அந்த நீலக்கண் சனியன் ஏன் இப்படிச் சிரிக்கிறது.

சனிக்கிழமை ஆறு மணி. மறுநாள் கட்டுச்சோறு விருந்து. ஏழாம் மாதத்தில் பெண் வீட்டார் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து, ஒறம்பரை சொந்தபந்தமெல்லாம் கூடி, சந்தனம் பூசி வளையல் போட்டு, பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். கல்யாணம் ஆகி நாலு வருஷம், இரண்டு தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோய், இவர்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் மண்டபம் பிடித்துச் செய்ய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது நான்தான். மாமியார்கூட வீட்டோடு போதும் என்றாள். முந்நூறு பேர். அவர்கள் முன்னால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. ஆறு மணிக்குக் கண்ணாடி முன்னால் நின்று நைட்டிக்கு மேலேயே பட்டுச்சேலை ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொடையில் சூடாக இறங்கியது. அடிவயிறு கனத்தால் சிறுநீர் சொட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், அதுதான் என்று நினைத்தேன். நினைத்தேனா? நைட்டியை அவிழ்த்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். துணியை மோந்து பார்ப்பது என் தொழில், சாயம் ஒழுங்காகக் கழுவியிருக்கிறார்களா, எண்ணெய் பட்டிருக்கிறதா, ஈரத்தோடு மடித்திருக்கிறார்களா, மூக்கே சொல்லிவிடும். சிறுநீர் வாசமே இல்லை. லேசாக ஒரு இனிப்பு வாசம். எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பதை அந்தக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டே தெரியாததாக ஆக்கிக்கொண்டேன், அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நைட்டியை வாளியில் போட்டுத் தண்ணீர் விட்டு சோப்புப் பொடி தூவி ஊற வைத்தேன், பேடு வைத்துக்கொண்டேன், பூ கட்டுகிறவர்களிடம் போய் உட்கார்ந்துவிட்டேன். பேக்கிங்குக்குப் போகிற பெட்டியில் ஒரே ஒரு ஈரப் பீஸ் இருந்தால் போதும், கப்பலில் போகிற வழியில் பெட்டி முழுக்கப் பூஞ்சை பிடித்துவிடும் என்று புதிதாக வருகிற பெண்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். ஈரத்தை விட்டுவிட்டால் மன்னிப்பே கிடையாது என்பேன். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குப் பட்டுச்சேலைக்குள் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தேன். ஏழு பொம்பளைகள் வரிசையாக வந்து கன்னத்தில் சந்தனம் தடவினார்கள், புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு என்று ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினார்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று வாழ்கிற ஜனங்களைக் கண்டால் எனக்குக் காறித் துப்பத் தோன்றும். அந்த நாலு பேருக்காக, முந்நூறு பேருக்காக, நான் காலை இடுக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பீஸை யார் பாஸ் பண்ணியது?

வளையல்கள் இப்போதும் கையில்தான். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். டிரிப்ஸ் போடக் கழற்றச் சொன்னபோது மாமியார் பாய்ந்து வந்து, "பெத்தெடுக்கற வரைக்கும் கழட்டக்கூடாதுங்க" என்று மறித்தாள். நர்ஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக எல்லாவற்றையும் முழங்கைக்கு ஏற்றிப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறாள். புரண்டால் கைக்குள் குத்துகிறது. பிறந்த வீட்டுக்குக் கிளம்பத் திங்கட்கிழமைதான் நல்ல நாள் என்று மாமியார் என்னை நிறுத்திவைத்திருந்தாள். நேற்றுக் காலை ஏழு மணிக்கு அவள் வீட்டுக் குளியலறையில் மொத்தமாகக் கொட்டிவிட்டது, அதற்கு மேல் மறைக்க எதுவும் இல்லை, அத்தை என்று கத்தினேன். ஒன்பது மணிக்கு இங்கே. "தண்ணி எப்ப உடைஞ்சுதும்மா?" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள்: "இன்னைக்குக் காலைலதானுங்க, ஏழு மணி இருக்கும்." எனக்குப் பசிக்கிறதா என்று யாராவது கேட்டாலும் அவள்தான் பதில் சொல்வாள், என் சேலை என்ன நிறம் என்றாலும் அவள்தான். நாலு வருஷமாக அந்தப் பழக்கத்தை அருவருத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று முதன்முதலாக அது எனக்கு வசதியாக இருந்தது. டாக்டர், "ஏழு மணி, சரி" என்று எழுதினார். உள்ளே கிருமி போகாமல் மாத்திரை தருகிறேன், காய்ச்சல், வாடை, வயிற்று வலி, எது வந்தாலும் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும், எத்தனை நேரமாகத் தண்ணீர் போகிறது என்பதை வைத்துத்தான் எங்கள் முடிவெல்லாம் என்றார். நான் தலையாட்டினேன். மாமியாரும் ஆட்டினாள். பொய் சொன்னது அவள், நான் சும்மா இருந்தேன், அவ்வளவுதான் என்று நேற்று முழுக்கச் சொல்லிக்கொண்டேன். நல்ல வக்கீல் நான்.

இரண்டு ஐம்பது. பற்கள் ஒன்றோடொன்று தட்டுகின்றன, உதட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்குக் குளியலறைக்குப் போய் நானே பேடு மாற்றினேன். நர்ஸிடம் காட்டிவிட்டு மாற்ற வேண்டும் என்பதுதான் இங்கே சட்டம். காட்டவில்லை, காகிதத்தில் சுருட்டிக் கூடையின் அடியில் அழுத்திவிட்டேன். மஞ்சளாக இருந்தது. அந்த இனிப்பு வாசம் போய்விட்டது. சாயப்பட்டறைத் தொட்டியில் நாலு நாள் கிடந்த துணியின் வாடை. என் மூக்கு பொய் சொல்லாது, அதைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. இன்னும் இருபத்தைந்து நிமிஷம், ஊசி விழுந்துவிடும், அதற்கப்புறம் ஒரே ஒரு நாள், நாளை மூன்றேகால் வரைக்கும் தாக்குப்பிடித்தால் பிள்ளைக்கு நுரையீரல். இப்போதே சொன்னால் இப்போதே எடுப்பார்கள், அரைகுறை நுரையீரலோடு. நாளைக்குச் சொன்னால். நாளைக்குள் உள்ளே இருக்கிற தண்ணீர் எல்லாம் அந்த வாடையாகிவிட்டால் பிள்ளை அதைத்தானே குடித்துக்கொண்டு கிடக்கும். அது வேறு. இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லவே கேவலமாக இருக்கிறது, ஆனாலும் இருக்கிறது. இன்றைக்கு எடுத்தால் ருக்குமணி ஜெயித்துவிடுவாள். ஏழிலேயே எடுத்தாயிற்று, நான் சொன்னேனே என்பாள். பிள்ளை பிழைத்தால் ஏழில் பிறந்ததால் பிழைத்தது என்று அவள் சாகிற வரைக்கும், இல்லை நான் சாகிற வரைக்கும் சொல்லுவாள், ஒறம்பரை வீடு ஒவ்வொன்றிலும் சொல்லுவாள், டாக்டரம்மாவே கடைசியில் என் பேச்சைத்தான் கேட்டாங்க என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பேன்? இதை எடைபோட்டுக்கொண்டா கிடக்கிறாய் கோகிலவாணி? ஆமாம், இதையும்தான் எடைபோட்டுக்கொண்டு கிடக்கிறேன். வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறேன். காலையில் சாப்பிட்டதும் இரண்டு தரம் உதைத்தது. மதியத்துக்கு மேல் உதைத்ததா? தூங்குகிறதாக இருக்கும். நானும் வேலை நாளில் இந்த நேரத்தில் தூங்கி வழிவேன். விரலால் தட்டிப் பார்க்கிறேன், டேய், ஏய், யாராக இருந்தாலும் சரி, ஒரு தடவை. இல்லை. வலது பக்கம் தட்டுகிறேன். நான் இவ்வளவு நேரம் யார் யாரையோ திட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன், உள்ளே ஒன்று சத்தமே போடாமல் கிடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்று பன்னிரண்டுக்கு நர்ஸ் ட்ரேயோடு வருகிறாள். மாமியார் தாளை விரித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள், "சிஸ்டர், ஒரு மணி நேரந்தானுங்களே, நாலரைக்கு" என்று ஆரம்பிக்கிறாள். "அம்மா, கொஞ்சம் அக்கட்டால நவுருங்க" என்று நர்ஸ் அவளைச் சுற்றிக்கொண்டு வந்து என்னைத் திரும்பிப் படுக்கச் சொல்கிறாள். இடுப்பில் பஞ்சு குளிர்கிறது, ஊசி இறங்குகிறது, அப்பா, விழுந்துவிட்டது, இரண்டாவதும் விழுந்துவிட்டது. நர்ஸின் கை அப்படியே நிற்கிறது. "என்னக்கா, ஒடம்பு இப்படிச் சுடுது?"

போர்வை போர்த்தியிருந்தேன் அதனால்தான் என்ற பதில் என் நாக்கு நுனியில் தயாராக நிற்கிறது. அதற்குள் கால்மாட்டில் இருந்து, "போர்வைக்குள்ளயே இருந்தாளுங்க சிஸ்டர், அதாஞ் சூடு, வேற ஒண்ணுமில்லீங்க" என்று மாமியார் சொல்கிறாள். அதே பொய். வார்த்தைக்கு வார்த்தை என் பொய். இவள் எதற்கு இதைச் சொல்கிறாள், காய்ச்சல் என்றால் அவள் கேட்டதுபோல இன்றைக்கே எடுத்துவிடுவார்களே, இவளுக்கு இதில் என்ன லாபம் என்று ஒரு பக்கம் ஓடுகிறது. இன்னொரு பக்கம், அவள் வாயில் கேட்கிறபோது அந்தப் பொய் எவ்வளவு மட்டமாக இருக்கிறது என்று தோன்றுகிறது. இதையா நான் மூன்று நாளாக வைத்துக் காப்பாற்றினேன்.

"சிஸ்டர், தெர்மாமீட்டர் திரும்ப வைங்க" என்கிறேன். "ரெண்டு மணிக்கு நான் கைய இறுக்கல. பேடும் நானே மாத்திட்டேன், வாடை அடிக்குது. அப்பறம் தண்ணி உடைஞ்சது நேத்து இல்லீங்க. சனிக்கிழமை சாயந்தரம் ஆறு மணி."

நர்ஸ் என்னைப் பார்த்த அதே பார்வையால் நான் செக்கிங் டேபிளில் எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன். தெர்மாமீட்டரைச் செருகி, என் முழங்கையைத் தன் கையால் பிடித்து விலாவோடு அழுத்திக்கொண்டு நிற்கிறாள். நூற்றொன்றரை. ஓடுகிறாள். டாக்டர் நளாயினி வந்து வயிற்றில் கருவியை வைக்கிறார். ஒரு நொடி வெறும் இரைச்சல், அப்புறம் துடிப்பு கேட்கிறது, இருக்கிறது, இருக்கிறது, ஆனால் துரத்துகிறவனிடம் இருந்து ஓடுகிறமாதிரி ஓடுகிறது. நூற்று எண்பதுக்கு மேல் என்கிறார். "உள்ள கிருமி போயிருச்சும்மா. இனி உள்ள வெச்சிருக்கறதுதான் ஆபத்து. உடனே எடுக்கறோம்." ஊசி போட்டாயிற்றா என்று கேட்கிறார், இப்பத்தான் மேடம் என்கிறாள் நர்ஸ். "நேத்துப் போட்டது ஒரு நாள் வேலை செஞ்சிருக்கு. அதாச்சும் இருக்கே. நேத்தே நீ மட்டும் சொல்லியிருந்தா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார். திட்டியிருக்கலாம். மோகனைக் கூப்பிடுகிறார்கள், இந்தத் தடவை யாருக்கும் போன் போடாமல் கையெழுத்துப் போடுகிறான், சட்டைக் கை மடிப்பு அவிழ்ந்து தொங்குவதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

நான் மாமியாரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன், சொல்லட்டும், நான் சொன்னேனே என்று சொல்லட்டும், இப்போதே சொல்லித் தொலைக்கட்டும். அவள் சொல்லவில்லை. நர்ஸ், "வளையலெல்லாம் கழட்டுங்கம்மா, தியேட்டர்ல விடமாட்டாங்க" என்றதும், மறிக்காமல் குவளையில் சோப்புத் தண்ணீர் கலந்து கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்கிறாள். பிளாஸ்திரியைப் பிரித்து ஒவ்வொன்றாக வழித்து இறக்குகிறாள். ஒன்று உடைந்து என் மணிக்கட்டில் கீறிவிட்டது, முந்தானையால் அதைத் துடைக்கிறாள். குனிந்தபடியே எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொல்கிறாள்:

"சனிக்கிழமை வாளியில நைட்டி ஊறிட்டு இருந்துதல்ல. நானு எடுத்து மோந்து பார்த்தேன் கண்ணு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து அவள் முகத்தில் அறைய வேண்டும்போல இருக்கிறது. "தெரிஞ்சுதானா? தெரிஞ்சுதான் டாக்டர்கிட்ட காலைலன்னு சொன்னீங்களா?"

"நீ சொல்லுவீன்னு பார்த்தேன். நீ சொல்லல. அத்தனை ஒறம்பரையும் வர்றாங்க, ரெண்டு வாட்டி ஆனது போதாதுன்னு இப்பவும் ஒரு பேச்சு ஆயிருமேன்னு... நானும் சொல்லல சாமி."

மூன்று பிள்ளை பெற்றவள், மோந்து பார்த்துவிட்டு, தெரிந்துகொண்டு, முந்நூறு பேருக்குப் பந்தி பரிமாறினாள். அதனால்தான் நேற்று ஏழு மணி என்றாள், இன்றைக்குப் போர்வைச் சூடு என்றாள். அதனால்தான் நாளைக்கே எடுங்கள், நாளைக்கே எடுங்கள் என்று நேற்றிலிருந்து டாக்டர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாளா? எட்டாம் மாதத்தைத்தான் சொன்னாளா, இதைச் சொல்ல முடியாமல்தான் அதைச் சொன்னாளா? எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரியுமோ என்னவோ. ஸ்டிக்கர் ரோலைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்புகிறேன், ஒட்டுகிற இடமெல்லாம் என் மேலும் இருக்கிறது, அதே இடம், அதே அளவு. அவளைத் திட்ட எனக்கு ஒரு வார்த்தை வேண்டும், கிடைக்கவில்லை, அழுகைதான் வருகிறது, அதுவும் அசிங்கமாக, மூக்கொழுக.

தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார்கள். மூன்று நாற்பது, நட்டநடு ராகு காலம். மாமியார் வண்டியின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறாள், காலண்டர் தாள் ஸ்டூலிலேயே கிடக்கிறது. தாழ்வாரத்து விளக்குகள் மேலே ஒவ்வொன்றாகப் போகின்றன. வயிற்றில் கை வைத்துக்கொள்கிறேன், ஒரு பக்கம் லேசாக ஏதோ உருண்டது, இல்லை வண்டி குலுங்கியதா. நேற்றைய ஊசி ஒரு நாள் வேலை செய்திருக்கிறது, ஒரு நாள் போதுமா, டாக்டர் போதும் என்று சொல்லவில்லை, அதாச்சும் இருக்கே என்றுதான் சொன்னார். பிடித்துக்கொள்ள எனக்கு அதுகூடப் போதவில்லை. என் தலைக்கு மேலே மாமியாரின் முகம் தலைகீழாகத் தெரிகிறது, மூக்குத்தி, உலர்ந்த வாய்.

"ஏழுதான் சாமி" என்கிறாள். "எட்டு பொறக்க இன்னும் ரெண்டு நாள் இருக்குது. ஏழுதான், பொழைச்சுக்கும்."

"ஏழுதானுங்களே அத்தை?" என்கிறேன்.

"ஏழுதான் கண்ணு."

"ஏழுதானுங்க."

கதவு மூடுகிற வரைக்கும் இரண்டு பேரும் அதையே சொல்லிக்கொண்டு போகிறோம்.